அம்மாவும் அப்பாவும் உதட்டில் ஒன்றுதான்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸில் ஆணி அதிகம். வீட்டிலும் ஒரு விஷயம் ஓடிக்கிட்டிருந்தது. இந்தப் பதிவு அந்த விஷயத்தைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதலில் ஒரு சின்ன சோதனை. கண்ணாடி முன்னாடி நின்னு, சத்தமே வராம, உதட்டை மட்டும் அசைச்சு 'அம்மா'ன்னு சொல்லுங்க. அடுத்து 'அப்பா'. ஏதாவது வித்தியாசம் தெரியுதா? எனக்குத் தெரியலை. 'மாமா'வும் 'பாப்பா'வும் கூட அப்படித்தான். ல, ள, ழ மூணும் நாக்குக்குள்ளேயே முடிஞ்சு போகுது, உதட்டுக்கு சேதியே வராது. காது கேட்காத குழந்தை உதட்டைப் பார்த்துப் பேசக் கத்துக்கணும்னு நாம சுலபமா சொல்றோமே, அந்தக் குழந்தைக்கு அம்மாவும் அப்பாவும் ஒரே சொல்.

இந்தச் சோதனையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்க ஆபீஸில் இருக்கிற ஒரு டெஸ்டர். பிறவியிலேயே காது கேட்காதவர். அவரைப் பற்றி அப்புறம் வர்றேன்.

அக்கா பெண்ணுக்கு இப்போ ரெண்டே முக்கால் வயசு. பத்து மாசத்தில் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "அவங்க அப்பா மாதிரி, அழுத்தக்காரி"ன்னு சொல்லி எல்லாரும் சிரிச்சோம். ஒரு தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு வாசலில் சரவெடி வெடிச்சது. தெருவில் இருந்த அத்தனை கைக்குழந்தையும் வீறிட்டு அழுதது. இவள் மட்டும் தூங்கிக்கிட்டே இருந்தாள். அக்கா முகத்தை அன்னிக்குத்தான் பார்த்தேன். அதுக்கு மேல யாரும் சிரிக்கலை.

பெரா டெஸ்ட் எடுத்தாங்க. ரெண்டு காதிலும் கேட்கும் திறன் அனேகமா இல்லை. கொஞ்ச நாள் காது மிஷின் போட்டுப் பார்த்து, பலனில்லாம, ஒன்றரை வயசில் காக்ளியர் இம்ப்ளாண்ட். பிறகு வாரத்துக்கு ரெண்டு நாள் தெரபி. லீவு கிடைச்சப்போ நானும் கூடப் போனேன்.

போனால் எனக்கு ஒரே ஆச்சரியம். தெரபிஸ்ட் குழந்தைக்கு எதிரில் உட்காரலை, பக்கத்தில் உட்கார்ந்தாங்க. வாயைப் பார்த்து இல்லாம காதால கேட்டுப் பழகணுமாம். முதலில் காது, அப்புறம்தான் கண். ரெண்டாவது ஆச்சரியம், பாதி நேரம் அவங்க பேசினது அக்காகிட்ட. "நீங்க செய்யுங்க, நான் பார்க்கிறேன்." வாரத்தில் ரெண்டு மணி நேரம் இங்கே, மிச்ச நேரமெல்லாம் வீட்டில். சோறு ஊட்டும்போது, குளிப்பாட்டும்போது, வெண்டைக்காய் நறுக்கும்போது பேசிக்கிட்டே இருக்கணும். "இது யாருக்குத் தெரபி, உனக்கா அவளுக்கா?"ன்னு அக்காவைக் கேட்டேன். "எனக்குத்தாண்டா"ன்னா.

தினமும் காலையில் ஒரு சடங்கு உண்டு. மிஷினை மாட்டினதும் அக்கா பின்னாடி நின்னு ஆறே ஆறு சத்தம் கொடுப்பாள். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். ஒவ்வொண்ணு கேட்டதும் குழந்தை ஒரு கட்டையை டப்பாவில் போடணும். 'ம்' கீழ்க்கோடி அதிர்வெண், 'ஸ்' மேல்கோடி, மத்ததெல்லாம் நடுவில். ஆறும் விழுந்தால் பேச்சுக்கு வேண்டிய அலைவரிசை முழுக்க உள்ளே போகுதுன்னு அர்த்தம். பொட்டி தட்டுறவங்களுக்குப் புரியும், இது அப்பட்டமான ஸ்மோக் டெஸ்ட்! மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த டேனியல் லிங் என்பவர் கொடுத்தது. காலேஜில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸில் அரியர் வெச்ச எனக்கு அதன் அருமை அங்கேதான் தெரிஞ்சது.

இதையெல்லாம் ஆபீஸ் சாட்டில் அந்த டெஸ்டர்கிட்ட பெருமையா அடிச்சேன். அவர் கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு வரி அனுப்பினார்.

"ரொம்ப சந்தோஷம். ராத்திரி மிஷினைக் கழட்டினதுக்கப்புறம் அவகிட்ட எந்த மொழியில பேசுவீங்க?"

எனக்குப் பதில் தெரியலை. அடுத்து அவர் எழுதினது: அவர் படிச்ச பள்ளிக்கூடத்தில் கையை அசைச்சா ஸ்கேலால அடி. 'ப' சொல்ல வைக்க மெழுகுவர்த்தி முன்னாடி மணிக்கணக்கில் ஊத வைப்பாங்களாம். எட்டு வயசில் அவருக்கு முப்பது நாற்பது சொல் சொல்லத் தெரியும், ஒரு கதை கூடத் தெரியாது. மொழின்னு ஒண்ணு கிடைச்சது, விடுதியில் ராத்திரி பெரிய பசங்க ரகசியமா கையால பேசிக்கிட்டதைப் பார்த்துத்தான்.

ரெண்டு இடத்திலும் நோக்கம் ஒண்ணுதான். குழந்தையைப் பேச வைக்கணும். ஒரு இடத்தில் அது அக்காவோட நம்பிக்கை. இன்னொரு இடத்தில் ஒரு மனுஷனோட பறிபோன எட்டு வருஷம். எப்படி? இதைத் தேடிப் போனபோது கிடைச்ச சரித்திரம்தான் கீழே இருக்கிறது.

கையா வாயா

சண்டை ரொம்பப் பழசு. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் பெத்ரோ போன்ஸே தெ லியோன் என்ற துறவி, வெலாஸ்கோ என்ற பிரபு குடும்பத்தின் காது கேளாத பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் வைத்தார். வாரிசுச் சொத்து கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக என்று ஒரு பேச்சு உண்டு. காசுள்ளவன் வீட்டுப் பிள்ளைக்குத் தனி வாத்தியார், மத்தவங்களுக்கு ஒண்ணும் கிடையாது.

1760 வாக்கில் பாரிஸில் அபே தெ லெப்பே என்ற பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இலவசப் பள்ளி தொடங்கினார். அங்கே பாடம் சைகையில். 1778ல் லைப்சிக்கில் சாமுவேல் ஹைனிக்கே தொடங்கிய பள்ளியில் பேச்சுதான் பிரதானம். பிரெஞ்சு முறை, ஜெர்மன் முறை என்று கட்சி பிரிந்தது அங்கேதான்.

அந்தச் சண்டைக்குத் தீர்ப்பு எழுதினதாக நினைத்துக்கொண்டவர்கள் 1880 செப்டம்பரில் மிலன் நகரில் கூடினார்கள். 164 பிரதிநிதிகள், பெரும்பாலோர் இத்தாலியர்களும் பிரெஞ்சுக்காரர்களும். கற்பிக்க சைகையை விடப் பேச்சே மேல் என்ற தீர்மானம் 160க்கு 4 என்ற கணக்கில் நிறைவேறியது. அந்த 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர், அமெரிக்காவின் ஜேம்ஸ் டெனிசன். யாருடைய மொழியைப் பற்றி ஓட்டெடுப்போ, அவங்களுக்கு இருந்தது ஒரு ஓட்டு!

விளைவு கொஞ்சநஞ்சமில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வகுப்பறைகளில் சைகைக்குத் தடை வந்தது. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். எங்க டெஸ்டர் கையில் விழுந்த ஸ்கேல் அடி மிலனிலிருந்து கிளம்பினதுதான். 2010ல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டின் வழித்தோன்றல் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 வருஷம் கழிச்சு!

டெலிபோன்காரரின் வீடு

கிரஹாம் பெல்லை நமக்கு டெலிபோன் வழியாத்தான் தெரியும். அவர் அடிப்படையில் காது கேளாத பிள்ளைகளுக்கு வாத்தியார். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. 1877ல் அவர் கட்டிக்கொண்ட மேபல் ஹப்பர்ட், ஐந்து வயசில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சலில் செவித்திறனை இழந்தவர். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதில் கில்லாடி. 1890ல் பேச்சுக் கற்பித்தலுக்கென்றே பெல் ஒரு சங்கம் தொடங்கினார். காது கேளாதவர்கள் தங்களுக்குள் கல்யாணம் செய்துகொள்வதை ஒரு ஆபத்தாகப் பார்த்து 1883ல் கட்டுரை வாசித்தவரும் அவரேதான். இன்றும் காது கேளாதோர் சமூகத்தில் அவர் பேரைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் நிறைய.

எனக்கு இதில் உறைச்சது வேற ஒண்ணு. மேபல் ஐந்து வயசு வரை காது கேட்டவர். மொழி ஏற்கனவே உள்ளே இருந்தது. ஒரு வாக்கியத்தில் பாதி உதட்டில் தெரிந்தால் மீதியை மனசு நிரப்பிக்கொள்ளும். பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு நிரப்ப உள்ளே ஒன்றுமே கிடையாது. வாய்ப்பேச்சு முறைக்குப் பெருமையாகக் காட்டப்பட்ட எத்தனையோ பேர் மேபல் மாதிரி, மொழி வந்த பிறகு காதை இழந்தவர்கள். இன்புட்டே கொடுக்காம அவுட்புட் கேட்டதுதான் மிலன் முறையின் அடிப்படைக் கோளாறு.

வாயை விட்டுக் காதுக்கு

இன்புட்டைப் பற்றி முதலில் யோசிச்சவர்களில் ஒருவர் வியன்னாவின் காது மருத்துவர் விக்டர் உர்பான்சிச். 'முழுச் செவிடு' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளில் பலருக்குக் கொஞ்சம் செவித்திறன் மிச்சம் இருக்கிறது, பயிற்சி கொடுத்தால் அதைப் பயன்படுத்தலாம் என்று 1890களில் காட்டினார். அவரிடம் படித்துவிட்டு அமெரிக்கா திரும்பிய மேக்ஸ் கோல்ட்ஸ்டைன் 1914ல் செயின்ட் லூயிஸில் ஒரு நிலையம் தொடங்கினார். ஆனால் அன்றைய கருவிகளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்?

கருவியைக் கொண்டுவந்தது நம்ம ஆளு, டிரான்சிஸ்டர். 1947ல் பெல் லேப்ஸில் பிறந்தது. கடைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் சாமான் ரேடியோன்னுதான் நான் இத்தனை நாள் நினைச்சேன். இல்லை. 1952 கடைசியில் வந்த காது மிஷின்! ரேடியோ 1954ல்தான். காது மிஷின் செய்கிறவர்களிடம் டிரான்சிஸ்டருக்கு ராயல்டி வாங்குவதில்லை என்று பெல்லின் நினைவாக அந்தக் கம்பெனி முடிவு செய்திருந்தது. இ.சி.இ. நாலு வருஷம் படிச்சேன், ஒரு வாத்தியாரும் இதைச் சொல்லலை.

கருவி ஒரு பாதி. மறுபாதியைக் கொண்டுவந்தவர்கள் பெண்கள்.

ஹாலிவுட் நடிகர் ஸ்பென்சர் டிரேசியின் மனைவி லூயிஸ். பத்து மாசக் குழந்தை ஜான் தூங்கும்போது கதவு தடாலென்று சாத்திக்கொண்டது. குழந்தை அசையவில்லை. (அந்த இடத்தைப் படிச்சதும் எனக்குச் சரவெடிதான் ஞாபகம் வந்தது.) மகனுக்குத் தானே சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய லூயிஸ், 1942ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கிளினிக் ஆரம்பித்தார். அங்கே பாடம் முதலில் பெற்றோருக்கு, அதுவும் இலவசமாக. அடுத்த வருஷமே வர முடியாதவர்களுக்குத் தபால் வழிப் பாடம்.

அடுத்தவர் ஹெலன் பீபி. இவர் கதையைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. கல்யாணத்துக்கு முன் பெயர் ஹெலன் ஹ்யூலிக். 1938ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு திருட்டு வழக்குக்குச் சாட்சி சொல்லப் போனார், பேன்ட் போட்டுக்கொண்டு. பெண் பேன்ட் போடுவதா, போய் மாத்திட்டு வான்னார் நீதிபதி. அடுத்த முறையும் பேன்ட். அதற்கடுத்த முறையும் பேன்ட். கோர்ட் அவமதிப்பு என்று ஐந்து நாள் ஜெயில் தண்டனை! மேல்முறையீட்டில் அது ரத்தானது. பிறகு அவர் கவுனில் வந்தார் என்பது தனி நக்கல். இந்த அம்மாதான் வியன்னாவிலிருந்து வந்த எமில் ஃப்ரோஷெல்ஸிடம் பேச்சுப் பயிற்சி கற்றுக்கொண்டு, பென்சில்வேனியாவில் ஈஸ்டன் நகரில், உதட்டைப் பார்க்க விடாமல் காதை மட்டும் நம்பிப் பயிற்சி கொடுக்கும் முறையை வளர்த்தவர். எல்லாரும் முடியாதுன்னு சொன்னதைச் செய்ய அப்படி ஒரு பிடிவாதம் தேவைப்பட்டிருக்கும்.

மூன்றாவது, டென்வரில் டோரீன் பொல்லாக். இங்கிலாந்தில் பிறந்தவர். எவ்வளவு சின்ன வயசில் தொடங்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம், பெற்றோரே முதல் ஆசிரியர், மற்றக் குழந்தைகளோடுதான் வளரணும் என்பதை 1970ல் புத்தகமாகவே எழுதினார். இவர்கள் வழியில் வந்தவர்கள் 1987ல் தனி அமைப்பு கண்டார்கள். 2005ல் அந்தப் பொறுப்பு பெல் தொடங்கிய சங்கத்தின் கிளைக்குப் போனது. கேட்டலும் பேச்சு மொழியும் என்ற இன்றைய பெயர் அங்கிருந்து வருவது.

இருபத்திரண்டு கம்பி

நல்ல காதின் உள்ளே, நத்தைக்கூடு மாதிரி சுருண்ட பகுதியில், ஏறக்குறைய 15,000 மயிர்செல்கள் உண்டு. அவை செத்துப்போனால் எவ்வளவு சத்தமாக்கினாலும் காது மிஷினால் பிரயோஜனம் குறைவு. 1961ல் வில்லியம் ஹவுஸ் லாஸ் ஏஞ்சலிஸில் ஒற்றைக் கம்பியை உள்ளே விட்டு நரம்பை நேராகத் தூண்டிப் பார்த்தார். 1978 ஆகஸ்ட் 1ஆம் தேதி மெல்பர்னில் கிரேம் கிளார்க் பல முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். காது கேளாத ஒரு மருந்துக்கடைக்காரரின் மகன் அவர். அந்த வழியில் வந்த 22 முனைக் கருவியை அமெரிக்க அரசு 1990ல் ரெண்டு வயசுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அனுமதித்தது. 15,000 இருந்த இடத்தில் 22! அதை வைத்து மூளை பேச்சைப் பிரித்துக்கொள்கிறது என்றால், பெருமை கருவிக்கு மட்டுமில்லை, மூளைக்கும்தான்.

ஆனால் மூளை காத்துக்கிட்டு இருக்காது. மூன்றரை வயசுக்குள் பொருத்தினால் மூளையின் கேட்கும் பகுதி மற்றக் குழந்தைகளுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, ஏழு வயசைத் தாண்டினால் கஷ்டம் என்று அனு சர்மா குழுவினர் 2002ல் அளந்து காட்டினார்கள். அக்கா தினமும் காலண்டரைப் பார்க்கிறதுக்குக் காரணம் இதுதான்.

அதே சமயம் அமெரிக்காவின் காது கேளாதோர் தேசியச் சங்கம் 1991ல் குழந்தைகளுக்கு இதைப் பொருத்துவதைக் கடுமையாக எதிர்த்தது. 2000ல் நிலைப்பாட்டைத் தளர்த்தியது. படிச்சப்போ முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு மிலன் ஞாபகம் வந்தது. சூடு கண்ட பூனை.

கடைசியில் யார் சொன்னது சரி?

நானும் ஒரு வெற்றிக் கட்சியைத் தேடினேன். கிடைச்சது 1998ல் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா இட்டானோ குழு வெளியிட்ட ஆய்வு. ஆறு மாசத்துக்குள் குறை கண்டுபிடிக்கப்பட்டு உதவி கிடைத்த குழந்தைகள், தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களை விட மொழியில் தெளிவாக முன்னே இருந்தார்கள். பேச்சு வழி வளர்ந்த குழந்தைகளிலும் அப்படித்தான், சைகை வழி வளர்ந்தவர்களிலும் அப்படித்தான். வித்தியாசம் செய்தது எந்த வழி என்பதை விட எவ்வளவு சீக்கிரம் என்பது. மூளைக்கு ஏதோ ஒரு முழு மொழி வேண்டும், காலத்தோடு வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லணும். இந்தத் தெரபியை மற்ற முறைகளோடு ஒப்பிட்டுக் கறாராகச் சோதித்த ஆய்வு உண்டா என்று 2014ல் காக்ரேன் அமைப்பு தேடியது. அவர்கள் அளவுகோலுக்குத் தேறினது ஒன்றுகூட இல்லை. தெரபி வேலை செய்யவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. என் கண்ணெதிரில் ஒரு குழந்தை பேசுது. ஆனால் 'இது மட்டுமே வழி'ன்னு சொல்ல யாருக்கும் ஆதாரம் போதாது.

காதுக்கு முதல் இடம் கொடுப்பதில் நியாயம் இருக்கு. கண் சுலபமா வேலையை முடிச்சுக் கொடுத்தால் காது சோம்பேறியாயிடும். அதனால் தெரபி நேரத்தில் காது மட்டும், சரி. ஆனால் வீட்டில் கையே அசையக் கூடாதுங்கிறது வேற. மிலனில் எழுதின ஒரு கண்டிஷன், எழுதினவன் போய்ச் சேர்ந்த பிறகும், எதுக்குன்னே தெரியாம கோடுக்குள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி எனக்குப் படுது.

இதை அக்காகிட்ட சொன்னேன். தப்பான நாள். பேட்டரி, ஒயர் செலவெல்லாம் கணக்குப் பார்த்துக்கிட்டிருந்தாள். "ஆறு மாசமா தொண்டை வறளக் கத்திக்கிட்டிருக்கேன், நீ வந்து கையைக் காட்டச் சொல்றியா?"ன்னு போனை வெச்சிட்டா. ரெண்டு நாள் பேசலை. தப்பு என் மேலதான். சரித்திரம் படிக்கிறவன் நான், வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டே ராத்திரி பகலாப் பேசுறவள் அவள்.

மூணாம் நாள் அவளே கூப்பிட்டாள். முந்தின ராத்திரி மிஷினைக் கழட்டிப் படுக்க வெச்சப்போ குழந்தை திடீர்னு அழுதிருக்கா. இருட்டு. வயித்து வலியா, கெட்ட கனவா, ஒண்ணும் புரியலை. இவள் சொல்றது அவளுக்குக் கேட்கலை.

"டேய், உங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்காரே, அவர்கிட்ட ஒரு நாலஞ்சு சைகை கேட்டுச் சொல்லு. வலிக்குதா, பயமா இருக்கா, அம்மா இங்கேதான் இருக்கேன். இது மூணும் முதல்ல."

அவர் வீடியோவே எடுத்து அனுப்பினார். அக்கா லைட்டைப் போட்டு ரெண்டு நாள் பழகினாள். காலையில் வழக்கம் போல ஆறு சத்தமும் நடக்குது. போன ஞாயிற்றுக்கிழமை நான் போனப்போ பின்னாடியிருந்து கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்து "மாமா"ன்னா. உதட்டைப் பார்த்திருந்தால் 'பாப்பா'ன்னும் இருந்திருக்கலாம். காதில் கேட்டதால் மாமாதான், சந்தேகமே இல்லை.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, தெரபிஸ்டும் இல்லை. உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குழந்தை சத்தத்துக்குத் திரும்பலைன்னா, 'பையன் லேட்டாத்தான் பேசுவான், அவங்க தாத்தாவும் அப்படித்தான்'னு தள்ளிப் போடாதீங்க. பிறந்த குழந்தைக்கே தூங்கும்போது சில நிமிஷத்தில் செய்யுற காது பரிசோதனை இருக்கு. தமிழ்நாட்டில் ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இம்ப்ளாண்ட் செலவை முதல்வர் காப்பீட்டுத் திட்டம் ஏற்குது, விசாரிச்சுப் பாருங்க. காது கேளாதவர்களோ அவங்க குடும்பத்தினரோ இதைப் படிச்சால், நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்ட இடத்தைப் பின்னூட்டத்தில் திருத்துங்க. திட்டினாலும் சரி.